பிரான்சின் அட்லாண்டிக் கரைக்குக் கிளம்பும் முன்: மோட்டார்ஹோம் ஃப்ரிட்ஜும் அதைச் சுற்றிய வேலைகளும்

பிரான்சின் மேற்குக் கரையில் கடற்காற்று வீசும், வெயில் தெரியாது என்று நம்பி ஜூலையில் மோட்டார்ஹோமைக் கிளப்புகிறவர்கள் நிறையப் பேர். 2022 ஜூலை 18 அன்று நாந்த் நகரில் 42.0 டிகிரி செல்சியஸ் பதிவானது. தெற்கே கடலோர பிஸ்கரோஸில் 42.6. வடமேற்கு முனையில் இருக்கும் பிரெஸ்தில்கூட 39.3. இப்போது வண்டியின் ஃப்ரிட்ஜைத் திறந்து, உட்சுவரில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் தட்பவெப்ப வகை 'எஸ்.என்.' (SN) என்று இருக்கும். சுற்றுப்புறம் 10 முதல் 32 டிகிரி வரை இருந்தால்தான் இந்த ஃப்ரிட்ஜ் சொன்னபடி குளிர்விக்கும் என்று அதற்கு அர்த்தம். 'எஸ்.டி.' (ST) என்றால் 38 வரை, 'டி' (T) என்றால் 43 வரை.

32-க்கும் 42-க்கும் நடுவில் உள்ள அந்தப் பத்து டிகிரிக்காகத்தான் இந்த வேலைகள். லுவார் ஆற்றங்கரை சொமுரில் தொடங்கி, நுவார்மூத்தியே, ஓலெரோன் தீவுகள் வழியாக ருவாயானில் படகேறி, மெதோக் கடந்து பிலா மணல்மேடு வரை போகும் வழியை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். 7 மீட்டர் நீளம், 3,500 கிலோ உச்ச எடை, காஸிலும் ஓடும் உறிஞ்சுவகை ஃப்ரிட்ஜ் என்ற வழக்கமான வண்டிக்கு எல்லா அளவுகளும் பொருந்தும். கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் முதல் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்: ஃப்ரிட்ஜ்

இந்த ஃப்ரிட்ஜில் சுழலும் பாகம் ஒன்றுகூட இல்லை. அடியில் ஒரு சின்னத் தீச்சுடரோ மின்கம்பியோ அமோனியாவும் தண்ணீரும் கலந்த கரைசலைச் சுட வைக்கிறது. அமோனியா ஆவியாகி மேலே ஏறி, பின்பக்கம் உச்சியில் இருக்கும் தகடுகளில் சூட்டை விட்டுத் திரவமாகிறது. பிறகு ஹைட்ரஜனோடு சேர்ந்து மறுபடி ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்கிறது. அந்த உச்சித் தகடுகள் சூட்டை விட முடியவில்லை என்றால் மற்ற எதுவும் நடக்காது. தெர்மோஸ்டாட்டை ஐந்தில் வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது தவறு. அது அடியில் இன்னும் சூட்டைத்தான் ஏற்றும், மேலே தேங்கிய சூடு அப்படியே இருக்கும்.

எதையும் கழற்றுவதற்கு முன் சோதனை. நடு அலமாரியில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, அதற்குள் தெர்மாமீட்டரைப் போடுங்கள். உள்காற்றை அளந்தால் ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் எண் குதிக்கும், தண்ணீர் பொய் சொல்லாது. முதல் நாள் 230 வோல்ட்டில் 12 மணி நேரம். மறுநாள் காஸில் 12 மணி நேரம். மூன்றாம் நாள் 12 வோல்ட்டில் நான்கு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். முதல் இரண்டு சோதனையிலும் தண்ணீர் 5 டிகிரிக்கு வர வேண்டும். 12 வோல்ட்டில், ஏற்கெனவே இருந்த குளிர் குறையாமல் நின்றாலே போதும், சூடான ஃப்ரிட்ஜைக் குளிர்விக்கும் தெம்பு அதற்குக் கிடையாது.

மின்சாரத்தில் நன்றாகக் குளிர்ந்து காஸில் மட்டும் சொதப்பினால் பர்னரில் கோளாறு. இரண்டிலும் சரி, ஓடும்போது மட்டும் சூடாகிறது என்றால் ஒயர். மூன்றிலும் மந்தம் என்றால் காற்றோட்டம், சாய்மானம், கதவு ரப்பர் என்ற வரிசையில் தேடுங்கள். கதவிடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்துச் சாத்தி இழுத்தால் பிடிமானம் தெரிய வேண்டும், வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. பின்பக்கம் அமோனியா நெடி மூக்கில் ஏறினாலோ, குழாய் இணைப்பில் மஞ்சள் பொடி படிந்திருந்தாலோ குளிர்விக்கும் தொகுதியே ஒழுகிவிட்டது. அதைப் பற்றவைத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், மாற்றத்தான் வேண்டும்.

பர்னர் வேலை அரை நாள் எடுக்கும். சிலிண்டர் வால்வை மூடி, அடுப்பைப் பற்றவைத்து குழாயில் மிச்சமிருக்கும் காஸை எரித்துத் தீர்த்துவிடுங்கள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் வண்டியின் வெளிச்சுவரில் காற்றுக்காக மேலும் கீழும் இருக்கும் இரண்டு கிரில்களில் கீழ்க் கிரில்லைக் கழற்றினால் ஒரு தகர மூடி, அதற்குள் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பர்னர். வருடக்கணக்கில் தொடாத வண்டியில் அதன் மேல் செம்பழுப்புத் துரு ஒரு சிட்டிகை குவிந்திருக்கும். சுடரின் வாயை அடைப்பது அந்தத் துருதான். புகைக்குழாய்க்குள் தொங்கும் சுருள் தகட்டிலிருந்து வண்டி குலுங்கக் குலுங்க உதிர்ந்து விழுகிறது. பர்னரை ஈரத்துணியால் மூடிக்கொண்டு, மேல் கிரில் வழியாகச் சுருளை மேலே உருவி எடுங்கள். பாட்டில் கழுவும் மெல்லிய பிரஷ்ஷால் புகைக்குழாயை மேலிருந்து கீழாக நாலைந்து தடவை தேயுங்கள். துணியில் விழுந்ததை அள்ளி எறிந்த பிறகு சுருளை முன்பு இருந்த அதே உயரத்தில் தொங்க விடுங்கள். உயரம் மாறினால் சூடு அமோனியாக் கரைசல் கொதிக்கும் கலனில் படாமல் மேலே ஓடிவிடும்.

ஜெட் என்பது பர்னருக்குக் காஸைப் பீய்ச்சும் ஒரு பித்தளைத் துணுக்கு, அதன் ஓட்டை அரை மில்லிமீட்டரைவிடச் சிறியது. அதை ஊசியால் குத்தவே கூடாது. ஓட்டை மயிரிழை அகன்றாலும் சுடர் மஞ்சளாகி, கரி பிடித்து, ஒரு மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அரை மணி ஊறவைத்து, காற்றால் ஊதிக் காயவைத்தால் போதும். கழற்றும்போதும் மாட்டும்போதும் இரண்டு ஸ்பானர் வேண்டும். ஒன்று நட்டைத் திருப்ப, இன்னொன்று குழாய் முறுக்கிக்கொள்ளாமல் பிடிக்க. மாட்டியதும் வால்வைத் திறந்து ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவுங்கள், ஒரு குமிழிகூட வரக் கூடாது. தீப்பொறி முனைக்கும் பர்னருக்கும் இடையே 4 மி.மீ. அளவுக்கு இடைவெளி இருக்கட்டும். சுடர் நீலமாக, நுனி அசையாமல் நின்றால் வேலை முடிந்தது. காஸ் இணைப்பைத் திறப்பது சான்றிதழ் பெற்றவர்களின் வேலை என்று நீங்கள் இருக்கும் நாட்டில் சட்டம் இருந்தால் ஜெட்டை அவர்களிடம் விட்டுவிட்டு, புகைக்குழாயை மட்டும் நீங்கள் பாருங்கள். பாதிப் பலன் அதிலேயே கிடைக்கும்.

அடுத்தது காற்றோட்டம். கோடையில் மிகப் பெரிய வித்தியாசத்தைக் கொடுப்பது இதுதான். முதலில், போன குளிர்காலத்தில் மாட்டிய பிளாஸ்டிக் மூடிகள் கிரில்லில் இன்னும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இதைச் சொல்ல வேண்டுமா என்று தோன்றும். ஆனால் ஜூலையில் மூடியோடு நிற்கும் வண்டிகளை எந்த முகாமிலும் காணலாம்.

மேல் கிரில்லைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தால் உச்சித் தகடுகளும் வண்டியின் வெளிச்சுவரும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் 20 முதல் 25 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் காற்று தகடுகளுக்குள் நுழையாமல் சுலபமான வழியாக, அதாவது வெளிச்சுவரை ஒட்டியே, மேலே போய்விடும். 1 மி.மீ. அலுமினியத் தகட்டை வளைத்துச் சுவர்ப்பக்கம் பொருத்தி, காற்றைத் தகடுகளின் பக்கம் தள்ளுங்கள். ஃப்ரிட்ஜின் தலைக்கு மேல் வெற்றிடம் இருந்தால் அங்கே சூடு தேங்கி நிற்கும். தீப்பிடிக்காத கனிமப் பஞ்சால் அதை நிரப்பி, ஃப்ரிட்ஜின் உச்சியிலிருந்து மேல் கிரில் வரை இன்னொரு தகட்டைச் சாய்வாக வைத்தால் சூடான காற்று தானாக வெளியே வழிந்துவிடும்.

இவ்வளவும் செய்தபின் விசிறி. 120 மி.மீ. கம்ப்யூட்டர் விசிறி 12 வோல்ட்டில் இரண்டு, 15 மி.மீ. அலுமினிய எல்-பட்டை ஒரு மீட்டர், 45 டிகிரியில் இணையும் வெப்ப ஸ்விட்ச் ஒன்று (குளிரில் திறந்திருக்கும் வகையாகக் கேட்டு வாங்குங்கள், நேர்மாறான வகையும் அதே உருவத்தில்தான் விற்கிறது), 2 ஆம்பியர் ஃபியூஸ், 1 மி.மீ.² இரட்டை ஒயர் ஐந்து மீட்டர், ஒரு சாதா ஸ்விட்ச், ரப்பர் வாஷர் எட்டு.

விசிறிகளைப் பட்டையில் மாட்டி மேல் கிரில்லுக்குப் பின்னால் காற்றை வெளியே தள்ளும் திசையில் பொருத்துங்கள். எந்தப் பக்கம் தள்ளும் என்பதை விசிறியின் விளிம்பில் உள்ள அம்புக்குறி காட்டும். புகைக்குழாயின் வாயிலிருந்து பக்கவாட்டில் குறைந்தது 10 செ.மீ. தள்ளி இருக்கட்டும், பிளாஸ்டிக் உருகிவிடும். கீழ்க் கிரில்லில் விசிறி வைக்கக் கூடாது, அது பர்னர் சுடரை ஊதி அணைக்கும். வெப்ப ஸ்விட்சை உச்சித் தகட்டின் மேல் அலுமினிய டேப்பால் அழுத்தி ஒட்டுங்கள்.

மின்சாரம் எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இரண்டு ஜோடி 12 வோல்ட் ஒயர்கள் வரும். தடிமனானது சூடேற்றும் கம்பிக்கு, எஞ்சின் ஓடும்போது மட்டும்தான் அதில் மின்சாரம் இருக்கும். விசிறியை அதில் இணைத்தால், வண்டி நின்று வெயிலில் காயும் வேளையில் ஓடாது. மெல்லிய ஜோடி கட்டுப்பாட்டுப் பலகைக்குப் போவது, அது எப்போதும் உயிரோடு இருக்கும். அதிலிருந்து எடுங்கள். இரண்டு விசிறியும் சேர்ந்து கால் ஆம்பியர், பத்து மணி நேரம் ஓடினாலும் இரண்டரை ஆம்பியர்-மணிதான். இரவில் சத்தம் தொந்தரவாக இருந்தால் இரண்டையும் தொடராக இணைத்துப் பாருங்கள். ஆளுக்கு 6 வோல்ட் கிடைக்கும், முனகல் அடங்கிவிடும். சில விசிறிகள் 6 வோல்ட்டில் சுற்றத் தொடங்காது, அதனால் மாட்டுவதற்கு முன் மேசையில் வைத்துச் சோதியுங்கள்.

12 வோல்ட் ஒயர் பிரச்சினைக்குக் கணக்கு போட்டாலே காரணம் தெரிந்துவிடும். 170 வாட் கம்பி 14 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு 6 மீட்டர் என்றால் போய்வர 12 மீட்டர். 2.5 மி.மீ.² ஒயரில் சுமார் 1.2 வோல்ட் வழியிலேயே தொலையும், 6 மி.மீ.² போட்டால் அரை வோல்ட்தான். வாட் என்பது வோல்ட்டின் வர்க்கத்தோடு குறைவது. 12 வோல்ட்டில் 170 வாட் தரும் கம்பி 11 வோல்ட்டில் 143 வாட்தான் தரும். எஞ்சின் ஓடும்போது ஃப்ரிட்ஜின் முனையிலேயே மல்ட்டிமீட்டர் வைத்து அளங்கள், பேட்டரியில் அளந்து பயனில்லை. ஒயரை மாற்றினால் ஃபியூஸ் பிடிப்பானையும் சேர்த்து மாற்றுங்கள். சூட்டில் பழுத்துக் கறுத்த ஃபியூஸ் காலிலேயே பாதி வோல்ட் போயிருக்கும்.

சாய்மானம்: நிற்கும்போது 3 டிகிரிக்குள். அமோனியா புவியீர்ப்பால்தான் கீழே இறங்குகிறது, அதிகம் சாய்ந்தால் குழாயில் தேங்கிவிடும். ரசமட்டத்தை ஃப்ரீஸர் தரையில் வைத்துப் பாருங்கள், சமையல் மேசையில் வைத்து அல்ல. 1.8 மீட்டர் சக்கர அகலத்தில் 3 டிகிரி என்பது 9 செ.மீ.க்குச் சற்று மேல். அதற்குமேல் சாய்வு இருந்தால் ஆப்புக்கட்டை வைத்தே ஆக வேண்டும். ஓடும்போது சாய்வைப் பற்றிக் கவலை வேண்டாம், திரவம் குலுங்கிக்கொண்டே இருக்கும்.

கிளம்புவதற்கு 24 மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜை ஓட விட்டு, ஏற்கெனவே குளிர்ந்ததை மட்டும் அடுக்குங்கள். சூடான சாம்பார் ஒரு பாத்திரம் உள்ளே போனால் அன்றைய குளிர் போச்சு. லண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ தோசை மாவு கொண்டுபோகிறவர்களுக்கு அந்த மாவே தெர்மாமீட்டர். ஒரே இரவில் டப்பா மூடியைத் தூக்கிக்கொண்டு பொங்கினால் உள்ளே 5 டிகிரி இல்லை என்பது உறுதி. அதே அலமாரியில் இருக்கும் மீனையும் பாலையும் அன்றே தீர்த்துவிடுங்கள்.

காஸ்

ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு 350 கிராம் அளவில் எரிக்கும். சமையலும் வெந்நீரும் சேர்த்தால் இரண்டு பேருக்கு மொத்தம் 650 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். 13 கிலோ சிலிண்டர் இருபது நாள் வரும். கோடையில் பியூட்டேனும் சரி, புரொப்பேனும் சரி, இரண்டுமே வேலை செய்யும். பியூட்டேன் பூஜ்யத்துக்கு அருகில்தான் மக்கர் பண்ணும்.

பிரிட்டனிலிருந்து கொண்டுபோகும் சிலிண்டரைப் பிரான்சில் மாற்றித் தர மாட்டார்கள். நீல நிற காம்பிங்காஸ் 907 எங்கும் கிடைக்கும், ஆனால் 2.75 கிலோதான், விலையும் அதிகம். பிரெஞ்சு 13 கிலோ சிலிண்டரே வாங்குவதானால் சுவரில் பொருத்திய 30 மில்லிபார் ரெகுலேட்டர் அப்படியே இருக்கட்டும், குழாயின் நுனி அடாப்டரை மட்டும் மாற்றினால் போதும். மரை இடப்பக்கம் திரும்பும் வகை, கடிகாரத்துக்கு எதிராகத் திருப்பினால்தான் இறுகும். பழக்கதோஷத்தில் வலப்பக்கம் முறுக்கி மரையை அழித்துவிடாதீர்கள்.

பங்கில் நிரப்பிக்கொள்ளும் டேங்க் இருந்தால் வேலை சுலபம். 'ஜே.பே.எல்.' (GPL) என்று எழுதியிருக்கும் பம்பைத் தேடுங்கள். பிரான்சில் வேண்டியது தட்டு வடிவ அடாப்டர். ஜெர்மனியின் மரை அடாப்டர் அங்கே பொருந்தாது. 80 சதவீதத்தில் தானாக நிற்க வேண்டும், நிற்கவில்லை என்றால் அந்த டேங்கைப் பயன்படுத்தாதீர்கள்.

இன்னொன்று, ரெகுலேட்டர் சிலிண்டர் வால்வைவிட உயரத்தில் இருக்க வேண்டும். குழாய்க்குள் எண்ணெய்ப் பசை சேர்வது வழக்கம். ரெகுலேட்டர் தாழ்வாக இருந்தால் அது அங்கே வடிந்து அடைத்துவிடும். அடுப்பில் சுடர் சிறுத்துக்கொண்டே போகிறது, சிலிண்டரில் காஸ் இருக்கிறது என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

தானியங்கி ஃப்ரிட்ஜ்களில் ஒரு ஆபத்து உண்டு. எஞ்சின் அணைந்து சுமார் 15 நிமிடத்தில் அது தானாகக் காஸுக்கு மாறிச் சுடரைப் பற்றவைக்கும். பெட்ரோல் பங்கில் எஞ்சினை அணைத்துக் காத்திருக்கும் வரிசை நீண்டால் இந்த 15 நிமிடம் சீக்கிரம் கரைந்துவிடும். பங்குக்குள் நுழையும் முன் ஃப்ரிட்ஜைக் கையால் அணைத்துவிடுங்கள்.

முகாம் மின்சாரம்

பிரெஞ்சு முகாம்களில் 6 ஆம்பியர் அல்லது 10 ஆம்பியர் என்று விலை வைத்திருப்பார்கள். 6 ஆம்பியர் என்றால் 1,380 வாட். ஃப்ரிட்ஜ் 190, பேட்டரி சார்ஜர் 250, சின்ன ரைஸ் குக்கர் 500. 940 வாட், தாங்கும். இதோடு 2,000 வாட் கெட்டிலைப் போட்டால் கம்பத்தில் பிரேக்கர் விழும். பல முகாம்களில் கம்பப் பெட்டி பூட்டியிருக்கும், சாவி அலுவலகத்தில், அலுவலகமோ இரவில் மூடியிருக்கும். 700 வாட் கெட்டில் வாங்கி வைத்துக்கொண்டு, ரைஸ் குக்கர் ஓடாத நேரத்தில் போடுவது நல்லது.

கேபிள் 3×2.5 மி.மீ.² ரப்பர் உறை, 25 மீட்டர், நீலப் பிளக். 5 மீட்டர்தான் தேவைப்பட்டாலும் சுருளை முழுவதும் பிரித்துத் தரையில் விடுங்கள். சுற்றியபடியே விட்டால் உள்சுற்றுகள் சூடேறி உருகும். பழைய முகாம்களில் நீல சாக்கெட்டுக்குப் பதில் எர்த் கம்பி துருத்திக்கொண்டிருக்கும் பிரெஞ்சு சாக்கெட் வரும், அதற்கு ஒரு அடாப்டர் அவசியம்.

பிளக்கை வண்டியில் செருகும் முன் மூன்று விளக்குச் சோதிப்பானில் பாருங்கள். லைவும் நியூட்ரலும் மாறியிருப்பது பிரான்சில் சகஜம். இரண்டு கம்பியையும் ஒன்றாகத் துண்டிக்கும் பிரேக்கர் உள்ள ஐரோப்பிய வண்டிகளில் இதனால் பெரிய தொல்லை இல்லை. ஒற்றைக் கம்பி பிரேக்கர் உள்ள பழைய பிரிட்டிஷ் வண்டியில் ஸ்விட்சை அணைத்தாலும் சாதனத்தில் மின்சாரம் நிற்கும். அதற்கென்று கம்பி மாற்றிய ஒரு குட்டை லீடு செய்து, சிவப்பு டேப் சுற்றி, தனியாக வையுங்கள். எர்த் இல்லை என்று விளக்கு காட்டினால் அந்தக் கம்பத்தில் இணைக்கவே வேண்டாம், வேறு இடம் கேளுங்கள்.

தண்ணீரும் கழிவும்

100 லிட்டர் டேங்கைக் கிளம்பும் முன் ஒரு தடவை கிருமி நீக்க வேண்டும். பிரான்சில் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் 2.6 சதவீத 'ஜாவெல்' நீர் 200 மி.லி. போட்டு நிரப்புங்கள், வாசனைப் பொருள் கலக்காததாகப் பார்த்து வாங்குங்கள். வடிகட்டி இருந்தால் முதலில் கழற்றிவிட வேண்டும். குளோரின் வாசனை வரும் வரை எல்லாக் குழாயையும் திறந்து, மூடி, ஒரு மணி நேரம் விடுங்கள். வெந்நீர்க் கொதிகலன் துருப்பிடிக்காத எஃகு என்றால் அதற்கு மேல் ஊறவிடாதீர்கள். பிறகு முழுவதும் வடித்து இரண்டு தடவை அலசுங்கள். உப்புப் படிவு நீக்கும் அமிலத்தை இதோடு ஒருநாளும் கலக்கக் கூடாது, நச்சுக் காற்று கிளம்பும்.

ஊர்களில் மோட்டார்ஹோமுக்கென்று தண்ணீர், கழிவு, மின்சாரம் எல்லாம் ஒரே தூணில் இருக்கும். பெரும்பாலும் இரண்டு யூரோ நாணயம், சில இடங்களில் கார்டு, இன்னும் சில சிற்றூர்களில் ஊராட்சி அலுவலகத்திலோ பேக்கரியிலோ வாங்கும் வில்லை. திருகுக் குழாய்கள் 20/27 மி.மீ., 15/21 மி.மீ. என்று இரண்டு அளவில் வரும், இரண்டுக்கும் முனை வைத்திருங்கள். 'ஓ பொத்தாபிள்' (eau potable) என்று எழுதியிருந்தால் குடிக்கலாம், நடுவில் 'நோன்' (non) இருந்தால் கூடாது. கழிவறைப் பெட்டி அலசும் குழாய் பக்கத்திலேயே இருக்கும். பெட்டியின் வாயை அந்தக் குழாயில் முட்டிப் பிடித்து அலசுவார்கள், அதில் உங்கள் ஹோஸை மாட்டாதீர்கள். குடிநீர்க் குழாயையும் மாட்டும் முன் துடைத்து, சில நொடி ஓடவிடுவது நல்லது.

சொமுர் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் இரவு நிற்க 1993-இல் தொடங்கிய பிரான்ஸ் பாசியோன் திட்டம் நல்ல வழி. ஒரு வருட உறுப்பினர் கட்டணம் கட்டினால் விவசாயிகளின் இடத்தில் 24 மணி நேரம் இலவசம். ஆனால் அங்கே குழாய், கழிவு இறக்கும் இடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. தண்ணீர் நிறைந்து, கழிவுப் பெட்டி காலியாக, தன் தேவையைத் தானே பார்த்துக்கொள்ளும் வண்டிக்குத்தான் அந்த வரவேற்பு. 17 லிட்டர் பெட்டி இரண்டு பேருக்கு மூன்று நாள் தாங்கும், வெயிலில் இரண்டாம் நாளே காலி செய்வது மேல். பெட்டி மூடியின் ரப்பருக்கு சிலிகான் ஸ்ப்ரே மட்டும். வாஸ்லின் தடவினால் ரப்பர் ஊதிப்போய் ஒழுகத் தொடங்கும்.

சாலை, உப்பு, மணல்

சுங்கச்சாவடியில் உயரம் 3 மீட்டருக்குக் கீழே, எடை 3.5 டன் வரை என்றால் 2-ஆம் வகுப்பு. 3 மீட்டரைத் தொட்டாலே 3-ஆம் வகுப்பு. கூரை ஏசியோ டிஷ்ஷோ மாட்டியிருந்தால் டேப் வைத்து அளந்து கண்ணாடியில் எழுதி ஒட்டுங்கள். திரையில் தவறான வகுப்பு காட்டினால் பணம் கட்டும் முன் உதவிப் பொத்தானை அழுத்திச் சொல்லலாம், கட்டிய பிறகு பேசிப் பயனில்லை. 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2021 ஜனவரி முதல் 'மறைகோண' (ஓட்டுநர் கண்ணில் படாத பக்கம்) எச்சரிக்கை ஸ்டிக்கர் கட்டாயம். கடற்கரைப் பார்க்கிங்குகளில் 2 மீட்டர் அளவில் குறுக்குக் கம்பி இருக்கும், காருக்கென்று அமைத்த ஜி.பி.எஸ். அதைச் சொல்லாது.

நுவார்மூத்தியே தீவுக்கு இரண்டு வழி. பாலம் இலவசம். மற்றது கடலடிச் சாலையான குவா, 4 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கடல் வற்றி அடிமட்டம் தொடும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னும் பின்னும் மட்டும் போகலாம், அதற்குப் பின் சாலையே கண்ணுக்குத் தெரியாது. வழியில் மாட்டிக்கொள்கிறவர்கள் ஏறி நிற்கக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். மோட்டார்ஹோமுக்குப் பாலம்தான் எங்கள் பரிந்துரை. குவாவின் கல்பாவிய தரையில் பாசியும் உப்புநீரும் தேங்கியிருக்கும். அது தெறித்து அடிப்பக்கம் ஏறினால் முதலில் போவது வாசல்படியின் மோட்டார். போயே ஆக வேண்டும் என்றால் அன்று மாலையே நல்ல தண்ணீரில் சக்கர வளைவு, படி, சேஸிஸ் மூன்றையும் பீய்ச்சிக் கழுவுங்கள்.

படியின் கீல்களுக்கும் கதவுப் பூட்டுக்கும் கடற்கரையில் கிரீஸ் போடக் கூடாது. மணல் ஒட்டி உப்புத்தாள் மாதிரி அரைக்கும். உலர்ந்த பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) ஸ்ப்ரே போதும்.

ருவாயானிலிருந்து ல வெர்தோனுக்கு ஜிரோந்து முகத்துவாரத்தைப் படகில் கடக்க அரை மணி நேரம்கூட ஆகாது. இல்லையென்றால் போர்தோ வரை சுற்ற வேண்டும். கடல் வற்றிய நேரத்தில் ஏறுதளம் செங்குத்தாகும். பின்சக்கரத்துக்குப் பின்னால் 2 மீட்டர் நீண்டிருக்கும் வண்டியின் வால் தரையில் உரசும். பின்தாங்கு கால்களை முழுவதும் ஏற்றி, சைக்கிள் தாங்கியைக் கவனித்து, ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்டு மெதுவாக ஏறுங்கள், முடிந்தால் நீர் ஏறிய நேரத்துப் படகைப் பிடியுங்கள். காஸ் வால்வு மூடியிருக்கட்டும். அரை மணியில் ஃப்ரிட்ஜுக்கு ஒன்றும் ஆகாது.

மெதோக்கிலிருந்து தெற்கே முழுவதும் பைன் காடு. 2022 ஜூலைத் தீயில் பிலா மணல்மேட்டின் அடியில் இருந்த ஐந்து முகாம்கள் அழிந்தன. காட்டுப் பக்கம் கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். தீயணைப்பு வண்டிகளுக்காக வெட்டிய மண்பாதைகளில் நிறுத்தவும் கூடாது. இங்கே கடற்காற்றும் மேற்கிலிருந்து, பிற்பகல் வெயிலும் மேற்கிலிருந்து. காற்று கீழ்க் கிரில்லில் நேராக மோதினால் சுடர் அணையும், வெயில் மோதினால் தகடுகள் கொதிக்கும். ஆகவே கிரில் பக்கம் கிழக்கைப் பார்த்து நிற்கட்டும். கிரில் வண்டியின் இடப்பக்கம் என்றால் மூக்கு தெற்கு நோக்கி, வலப்பக்கம் என்றால் வடக்கு நோக்கி. நிறுத்தியதும் குனிந்து, சிலிண்டர் பெட்டியின் தரையில் உள்ள காஸ் வெளியேறும் ஓட்டைகளில் பைன் ஊசிகளோ மணலோ அடைத்திருக்கிறதா என்று பார்த்துத் தட்டிவிடுங்கள். கிரில் இடுக்குகளிலும் அதே ஊசிகள் பாய் பின்னினாற்போல் படிந்திருக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

ஊர் திரும்பி ஃப்ரிட்ஜை அணைக்கும்போது உள்ளே துடைத்து, கதவை முழுவதும் சாத்தாமல், அதிலேயே இருக்கும் இரண்டாம் கொக்கியில் ஒரு விரல் இடைவெளி விட்டு மாட்டிவையுங்கள். விசிறியின் ஸ்விட்சையும் மறக்காமல் அணையுங்கள்.